‘ஏழு போர்வையும் பாதியில் நிற்கின்றன, எனக்கு ஏதாவது கோளாறா?’

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 46. பள்ளி அலுவலகம் ஒன்றில் வேலை. கணவருக்கு டர்பன் துறைமுகத்தில் இரவு ஷிஃப்ட். மகள் இந்த வருடம் மெட்ரிக் என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறாள், மகன் ஒன்பதாம் வகுப்பு. மாமியாரும் கூடவே இருக்கிறார். வாசகியின் அம்மா டர்பனில் ஒரு துணித் தொழிற்சாலையில் மெஷின் தைத்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் காலமானார். அம்மாவிடம் கற்ற தையல்தான் இவரை குயில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) பக்கம் இழுத்தது.

இப்போது வீட்டில் ஏழு குயில்ட்டுகள் பாதியில் நிற்கின்றன. தங்கை மகன் பிறந்தபோது தொடங்கிய குழந்தைப் போர்வை ஒன்று. அந்தப் பையன் இப்போது முதல் வகுப்பு. ஆவணியில் கல்யாணமாகப் போகும் அண்ணன் மகளுக்கு ஒன்று. அதில் 20 சதுரங்கள் தயார், இன்னும் 30 பாக்கி. கூட வேலை செய்யும் ஒருவரிடம் 1,200 ராண்ட் முன்பணம் வாங்கி, துணியை வெட்டியதோடு நிற்கும் ஒன்று. மேல்துணி மட்டும் முழுதாகத் தைத்து மடித்து வைத்தவை இரண்டு. ஒரு வகுப்பில் சேர்ந்தபோது தைத்த பழுப்பு நிறச் சதுரங்கள், இவருக்கே பிடிக்காதவை. ஏழாவது, அம்மா விட்டுப்போன அறுகோணத் துணிகள்.

கணவர், “மெஷினை வித்துட்டு அந்த எடத்துல ஒரு கட்டில் போடலாம்” என்கிறார். பாதியில் விட்ட துணி வீட்டில் கிடப்பது ஆகாது என்கிறார் மாமியார். மகள் இணையத்தில் எதையோ படித்துவிட்டு, “உங்களுக்கு ஏடிஹெச்டி (கவனத்தை ஒன்றில் நிறுத்த முடியாமல் தடுமாற வைக்கும் கோளாறு) இருக்கலாம்மா” என்றாளாம். வாசகி தன்னைப் பற்றி எழுதியிருப்பது இது: “எதையும் முழுசாக முடிக்கத் தெரியாதவள் நான். ஏழையும் முடிக்கும்வரை புதுத் துணியைத் தொடக்கூடாது என்று சபதம் எடுத்தேன். சபதம் எடுத்த நாளிலிருந்து ஊசியையே தொடவில்லை. ராத்திரி படுத்தால் அந்தப் பெட்டிகள்தான் ஞாபகம் வருகின்றன.” தனக்குக் கோளாறு ஏதும் உண்டா, கணவர் மெஷினை விற்க முடியுமா, எல்லாவற்றையும் முடிக்க வழி என்ன, புதுத் துணி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகள் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் கடிதத்தில் உங்களை அதிகம் பயமுறுத்தியிருப்பது அதுதான். ஏடிஹெச்டி பெரியவர்களுக்கும் உண்டு, உண்மை. ஆனால் அதன் அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, வேலை, உறவு என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். நீங்களோ ஒரு பள்ளியின் கட்டணக் கணக்கைத் தவறாமல் வைத்திருக்கிறீர்கள். மகளின் மெட்ரிக் படிவங்களை நேரத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அத்தையின் மாத்திரைகள் ஒருநாள் தவறியதில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நேரில் பார்க்காமல் இது உண்டு, இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஏழு குயில்ட் நிற்பதை மட்டும் வைத்து யாரும் அப்படி ஒரு பெயரை உங்களுக்குச் சூட்ட முடியாது என்பதை உறுதியாகச் சொல்வேன்.

‘எதையும் முடிக்கத் தெரியாதவள்’ என்ற வரியையும் நான் ஏற்கவில்லை. உங்கள் கடிதமே அதை மறுக்கிறது. இரண்டு மேல்துணிகளை முழுதாகத் தைத்திருக்கிறீர்கள். நூற்றுக்கணக்கான துண்டுகளைக் கால் அங்குல மடிப்பு பிசகாமல் சேர்த்த கை அது.

எது எங்கே நின்றது

நீங்கள் ஏழையும் ஒரே மூட்டையாகப் பார்க்கிறீர்கள். ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நின்றது என்று பிரித்துப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது.

தைக்காத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. குயில்ட்டில் மூன்று அடுக்குகள். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, நகராதபடி ஊக்கு குத்தியோ நீளமான ஓட்டுத்தையல் போட்டோ பிடித்து, பிறகுதான் மூன்றும் சேர்ந்த தையல் போடுவார்கள். கடைசியில் விளிம்புப் பட்டை.

இதில் துண்டுகளைச் சேர்க்கும் வேலை குடும்பத்துக்கு நடுவே நடக்கும். சோறு கொதிக்கும் நேரத்தில் நாலு துண்டு சேர்க்கலாம். விரித்துப் பிடிக்கும் வேலை அப்படி நடக்காது. இரட்டைக் கட்டில் போர்வைக்குக் கிட்டத்தட்ட இரண்டரை மீட்டருக்கு இரண்டரை மீட்டர் தரை வேண்டும். யாரும் குறுக்கே நடக்காத இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். மறுமுனையை இழுத்துப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். 1960-களில் மாநகராட்சி கட்டிக் கொடுத்த உங்கள் வீட்டின் முன்னறையில் சோபாவும் டிவியும் அத்தையின் நாற்காலியும் போக எவ்வளவு தரை மிச்சம்? சனிக்கிழமை பகலில் கணவர் தூங்கும்போது மேஜையை இழுக்கவாவது முடியுமா?

இரண்டு மேல்துணிகளும் சரியாக இந்தப் படியில்தான் நிற்கின்றன. அவற்றுக்குத் தேவைப்பட்டது தரையும் இன்னொரு ஜோடிக் கையும். அது கிடைக்காததை உங்கள் குணத்தின் குறையாக எழுதிவைத்துக்கொண்டீர்கள்.

மற்றவை வேறு வேறு இடத்தில் நின்றவை. முன்பணம் வாங்கியது நீங்கள் சொல்லத் தயங்கும் ஒரு பேச்சில் நிற்கிறது. பழுப்புச் சதுரங்கள் நிற்பது உங்களுக்கு அவை பிடிக்கவில்லை என்பதால். கல்யாணப் போர்வையை நிறுத்தியது அதன் அளவு. அம்மாவுடையது துக்கத்தில் நிற்கிறது. ‘இன்னும் உழைக்கிறேன்’ என்ற ஒரே மருந்தை இத்தனைக்கும் கொடுத்தால் எதற்கும் கேட்காது. நீங்கள் எடுத்த சபதம் அப்படிப்பட்ட மருந்துதான். அதை விட்டுவிடுங்கள். கடவுள் முன் எடுத்ததாக மனம் உறுத்தினால் கோயிலில் ஒரு சூடம் ஏற்றிவிட்டு விடுங்கள்.

காத்திருக்க முடியாதது முதலில்

குழந்தைப் போர்வையில் மூன்று அடுக்கையும் சேர்த்து ஊக்கு குத்தியிருப்பதாகவும், தண்ணீரில் மறையும் நீலப் பேனாவால் கோடு போட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இது ஒன்றுதான் உண்மையிலேயே அவசரம். டர்பன் கடற்காற்றில் ஊக்கு துருப்பிடிக்கும். துணியில் ஏறிய துருக்கறை லேசில் போகாது. நீலக்கோடும் வருடக்கணக்கில் கிடந்தாலோ மேலே இஸ்திரிப்பெட்டி பட்டாலோ அழியாமல் நின்றுவிடக்கூடும். எனவே இந்த வாரமே அந்தப் பெட்டியைத் திறந்து ஊக்குகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். துரு தெரிந்தால் எடுத்துவிட்டு நூலால் ஓட்டுத்தையல் போடுங்கள். தைத்து முடித்ததும் சோப்பு போடாமல் முதலில் வெறும் குளிர்ந்த தண்ணீரில் அலசிக் கோட்டைப் போக்குங்கள்.

‘பையன் வளர்ந்துவிட்டான், இனி எதற்கு?’ என்று கேட்டிருந்தீர்கள். 36-க்கு 45 அங்குலம் முதல் வகுப்புப் பையனின் கட்டிலுக்குப் போதாதுதான். காரில் தூங்கும்போது போர்த்த, டிவி முன்னால் காலில் போட்டுக்கொள்ளத் தாராளமாகப் போதும். பிறந்தபோது தொடங்கியது என்று சொல்லியே கொடுங்கள். அந்த வயதுப் பிள்ளைகள் தாங்கள் பிறந்த கதையை விரும்பிக் கேட்பார்கள். அளவு சின்னது என்பதால் வீட்டு மெஷினிலேயே சில மாலைகளில் முடியும்.

கல்யாணப் போர்வைக்கு வருகிறேன். பெரிய கட்டிலுக்கு 50 சதுரம் என்று கணக்குப் போட்டீர்கள். ஆவணிக்கு மூன்று மாதம்கூட இல்லை. இருக்கும் 20 சதுரங்களும் 12 அங்குலம் என்றால், நாலுக்கு ஐந்தாக அடுக்கினால் 48-க்கு 60 அங்குலம் வருகிறது. சுற்றிலும் ஆறு அங்குலக் கரை வைத்தால் 60-க்கு 72. இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்து போர்த்திக்கொள்ள அழகான அளவு. இனி ஒரு சதுரமும் தைக்க வேண்டாம். மணப்பெண்ணுக்கு நீங்கள் 50 சதுரம் என்று எண்ணியது தெரியவே தெரியாது. மூன்று மாதம் தூக்கம் கெட்டு, கல்யாண வீட்டில் முகம் வாடி நிற்கும் அத்தையைவிட இந்த அளவுப் போர்வையும் சிரித்த முகமும் அவளுக்கு நல்லது.

முன்பணத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன். ‘துணி வெட்டிவிட்டேன், அதனால் பணம் என்னுடையதுதானே’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. போன கிறிஸ்துமஸுக்குத் தருவதாகச் சொன்ன பொருள் இன்னும் போய்ச் சேரவில்லை. அவர் கேட்காமல் இருப்பது அவருடைய நாகரிகம். இந்த வாரமே அவரிடம் போங்கள். “சொன்ன தேதிக்குத் தர முடியவில்லை, மன்னிச்சுக்குங்க. அக்டோபர் கடைசிவரை காத்திருக்க முடியுமா, இல்ல பணத்தைத் திருப்பித் தரட்டுமா?” என்று முடிவை அவர் கையில் கொடுங்கள். பணம் கேட்டால் தவணையிலாவது கொடுத்துவிடுங்கள். தினமும் வேலையிடத்தில் அவர் முகத்தைப் பார்க்கிறீர்களே, ராத்திரி வரும் ஞாபகத்தில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். இனிமேல் மேல்துணி முடியும்வரை யாரிடமும் முன்பணம் வாங்காதீர்கள்.

பழுப்புச் சதுரங்களைக் கொடுத்துவிடுங்கள். கற்றுக்கொள்ளத்தான் தைத்தீர்கள், கற்றுக்கொண்டாயிற்று. தையல் பழகும் யாராவது, அல்லது முழங்கால் போர்வை தைத்துக் கொடுக்கும் மகளிர் குழு ஏதாவது சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். செலவழித்த காசுக்காகப் பிடிக்காத வேலையைத் தொடர்ந்தால் காசும் திரும்பாது, மாலைப் பொழுதும் போகும்.

இரண்டு மேல்துணிகளுக்கு மூன்று வழி சொல்கிறேன். ஒன்று, வீட்டில் ஒரு சனிக்கிழமையைக் கேட்டு வாங்குவது. இரண்டாவது, தரையை விட்டுவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் பகுதி பகுதியாகச் செய்வது: அடித்துணியை மேஜை ஓரங்களில் கிளிப் போட்டு இறுக்கி, நடுப்பகுதியை முதலில் பிடித்து, பிறகு நகர்த்தி அடுத்த பகுதி. நேரம் கூடுதல், இடம் குறைவு. மூன்றாவது, நீளக்கை மெஷின் வைத்துக் கூலிக்குத் தைத்துத் தருகிறவர்களிடம் கொடுப்பது. அவர்கள் மூன்று அடுக்கையும் தனித்தனி உருளையில் ஏற்றித் தைப்பதால் நீங்கள் மாட்டிக்கொண்ட அந்தப் படியே தேவைப்படாது. கூலியைப் பெரும்பாலும் அளவைப் பொறுத்துச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளும் முன் எழுதி வாங்குங்கள். ‘கூலிக்குக் கொடுத்தால் என் குயில்ட் ஆகாதே’ என்று நினைப்பீர்கள் என்று தெரியும். ஒருவர் சேர்த்த மேல்துணியைப் பலர் சுற்றி உட்கார்ந்து தைத்து முடிப்பது இந்தக் கலையின் பழைய வழக்கம். அதில் யாரும் தன்னுடையது இல்லை என்று சொன்னதில்லை.

கல்யாணப் போர்வையையே கூலிக்குக் கொடுத்துவிட்டு, மேல்துணிகளை ஜூலைப் பள்ளி விடுமுறையில் வீட்டிலேயே செய்யலாம் என்பது என் யோசனை. டர்பனில் ஜூன், ஜூலை காற்று வறண்டிருக்கும், மடியில் கனமான துணியை வைத்துக்கொண்டாலும் வியர்க்காது. புரட்டாசி விரதமும் மெட்ரிக் பரீட்சையும் வந்துவிட்டால் உங்களுக்குத் தரையும் இருக்காது, நேரமும் இருக்காது.

அம்மாவின் அறுகோணங்கள்

இந்தப் பகுதியைப் பலமுறை படித்தேன்.

தொழிற்சாலையில் மிஞ்சிய வெட்டுத் துணிகள். ஒவ்வொரு அறுகோணத்துக்கு உள்ளேயும் அச்சுக்காக வைத்த காகிதம். பழைய தமிழ்க் காலண்டர் தாள், அம்மாவின் வாரச் சம்பளக் கவர், ஒன்றில் அம்மா கையெழுத்தில் மளிகைக் கணக்கு. ‘அம்மா முடிக்காமல் விட்டதை முடிப்பது என் கடமை, ஆனால் காகிதத்தை உருவ மனம் வரவில்லை. என் தையல் அம்மா தையல் மாதிரி பொடியாகவும் வராது’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

காகிதம் வைத்துத் தைக்கும் முறையில், ஆறு பக்கமும் துணி சேர்ந்தபின் காகிதத்தை உருவிவிடுவார்கள். அதனால் முடிந்த குயில்ட்டில் காகிதம் இருக்காது. முடிக்காமல் விட்டதில்தான் தங்கும். பழைய குயில்ட்டுகளை ஆராய்கிறவர்கள் இப்படி உள்ளே தங்கிப்போன கடிதம், செய்தித்தாள், கணக்குத்தாளை வைத்துத்தான் அது எந்தக் காலத்தது என்று பல சமயம் கண்டுபிடிக்கிறார்கள். உங்கள் அம்மாவின் சம்பளக் கவர் இன்று உங்களிடம் இருப்பது அவர் அதை முடிக்காததால்தான். 1990-களில் இறக்குமதி வரிகள் குறைந்து வெளிநாட்டு மலிவுத் துணி வந்து குவிந்தபோது டர்பனில் எத்தனையோ துணித் தொழிற்சாலைகள் மூடப்பட்டன, அம்மாவுக்கும் அப்போதுதான் வேலை போனது என்று சொல்கிறீர்கள். அந்த உழைப்புக்கு அவரவர் வீட்டில் சாட்சியாக என்ன மிஞ்சியிருக்கிறது? உங்கள் வீட்டில் இது இருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். அம்மா இதை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான் எடுப்பார், அதுவும் வருடக்கணக்காக, என்கிறீர்கள். தொழிற்சாலையில் அவர் தைத்தது காலர். மணிக்கு இத்தனை காலர் என்று டார்கெட். முழுச்சட்டை ஒன்று அவர் கையில் உருவானதில்லை. வாரம் முழுதும் அப்படித் தைத்தவர், யாரும் எண்ணிப் பார்க்காத ஒரு வேலையை ஞாயிறு மத்தியானத்துக்கென்று வைத்திருந்தார். அதை முடிக்க அவர் அவசரப்பட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ‘முடிக்காமல் விட்ட வேலை’ என்ற பெயரை நீங்கள்தான் வைத்திருக்கிறீர்கள். அவர் அதை எப்படிப் பார்த்தார் என்று உங்கள் பெரியம்மாவிடமோ, அவரோடு வேலை செய்த யாரிடமாவதோ கேட்டுப் பாருங்கள். நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம், உங்களுக்குத்தான் அவரைத் தெரியும்.

அப்புறம் என்ன செய்வது? அப்படியே வைத்துக்கொள்ளலாம். அறுகோணங்கள் முழுதாகச் சேர்ந்து உருவான பூக்களை மட்டும் எடுத்துச் சின்னதாகச் சட்டம் போட்டு மாட்டலாம். என்றைக்காவது உங்கள் தையலிலேயே தொடரலாம். எங்கே அம்மா கை முடிந்து மகள் கை தொடங்குகிறது என்று தெரிந்தால் அதில் குறை ஒன்றும் இல்லை. மூன்றும் சரிதான். ஆனால் இந்த வருடம் எதையும் முடிவு செய்யாதீர்கள். பாதுகாத்து மட்டும் வையுங்கள். உள்ளே காகிதம் இருப்பதால் துவைக்கக்கூடாது. பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். துவைத்துக் காய்ந்த வெள்ளைக் காடாத்துணியில் சுற்றி, மரப்பலகையில் நேரடியாகப் படாமல் வையுங்கள். அந்துருண்டை துணியைத் தொடக்கூடாது. வருடத்துக்கு இரண்டு முறை எடுத்து வேறு மடிப்பில் மடியுங்கள். தெரிகிற காகிதங்களைப் படம் எடுத்து வையுங்கள், மெட்ரிக் முடிந்ததும் மகளை இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

கணவரும் அத்தையும்

சட்டம் கேட்டீர்கள். நான் வழக்கறிஞர் அல்ல, ஆனால் இது தெளிவாகவே இருக்கிறது. முன்னொப்பந்தம் எழுதாமல் சட்டப்படி திருமணம் செய்தவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவில் பொதுவாகக் கூட்டுச் சொத்து முறை பொருந்தும். 1984-ஆம் ஆண்டின் திருமணச் சொத்துச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, கூட்டுச் சொத்தில் சேர்ந்த வீட்டுச் சாமான்களை ஒருவர் மற்றவரின் சம்மதம் இல்லாமல் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. முன்னொப்பந்தம் எழுதித் தனிச்சொத்தாக வைத்திருந்தால், அம்மா உங்களுக்குக் கொடுத்த மெஷின் உங்களுடையது மட்டுமே. எப்படிப் பார்த்தாலும் உங்களைக் கேட்காமல் அவர் விற்க முடியாது.

ஆனால் இந்தச் சட்டத்தைச் சாப்பாட்டு மேஜையில் எடுத்து வைக்காதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் அவருக்குத் தையல் மேல் வெறுப்பு இருப்பதாகத் தெரியவில்லை. பகலில் தூங்கும் மனிதர். தலைமாட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் மெஷின் ஓடுகிறது. கட்டிலுக்குக் கீழே பெட்டிகள். சாப்பிட உட்கார்ந்தால் மேஜையில் துணி. அவர் கேட்பது தூக்கமும் இடமும், அதை விற்பனைப் பேச்சாகச் சொல்கிறார். இரண்டையும் நீங்களே முன்வந்து கொடுங்கள். அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பிய பிறகுதான் மெஷின். சனிக்கிழமை காலையில் கைத்தையல் மட்டும். மேஜை சாப்பாட்டுக்கு எப்போதும் காலி. பிறகு பதிலுக்குக் கேளுங்கள்: “ஜூலை லீவுல ஒரு சனிக்கிழமை முன்னறை எனக்கு வேணும். அன்னிக்கு நீங்க டே-ஆஃபா இருந்தா மறுமுனையைப் பிடிச்சுக்குங்க.” கூடவே எந்தத் தேதி என்றும் கேளுங்கள். ‘எப்பவாவது’ என்றால் அந்த நாள் வராது.

அத்தையின் பேச்சை எதிர்த்து வாதாட வேண்டாம். பெட்டிகள் ஒழுங்கானால் அவர் சொல்வதும் குறையும். கண் நன்றாக இருந்தால், சன் டிவி பார்க்கும் நேரத்தில் நூல் பிரிக்க, ஊக்குகளை டப்பாவில் போட உதவி கேட்டுப் பாருங்கள். துணியில் தன் கையும் பட்டுவிட்டால் அது பாதியில் விட்ட துணியாக அவருக்கே தோன்றாது.

ராத்திரி வரும் ஞாபகம்

முடிந்த வேலையைவிட முடியாத வேலை மனதில் அதிகம் தங்குகிறது என்று புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-ல் எழுதினார். பிறகு சோதித்துப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு வரவில்லை. உங்களுக்கு அதைவிடப் பயன்படுவது 2011-ல் மாசிகாம்போ, பௌமைஸ்டர் இருவரும் வெளியிட்ட ஆய்வு. முடியாத வேலை ஒன்றுக்கு எப்போது, எங்கே, எப்படி என்று திட்டவட்டமாக யோசித்து வைத்தவர்களுக்கு, வேலை முடியாதபோதும் அது குறுக்கே வந்து தொந்தரவு செய்வது குறைந்தது. ஏழையும் முடித்தால்தான் தூங்கலாம் என்று நீங்கள் நினைத்ததற்கு இது நல்ல பதில்.

ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு அட்டை ஒட்டுங்கள். அதில் அடுத்த வேலை ஒன்று மட்டும். ‘முடிக்க வேண்டும்’ என்று எழுதாதீர்கள். ‘செவ்வாய் ராத்திரி, மெஷின், இடது கரை தைக்க’ என்று எழுதுங்கள். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அட்டையை மாற்றிவிட்டு மூடுங்கள். அப்போதுதான் அடுத்த முறை கிடைக்கும் பதினைந்து நிமிடத்தில் பத்து நிமிடம் ‘எங்கே விட்டேன்’ என்று தேடுவதில் போகாது. அம்மாவின் பெட்டிக்கும் அட்டை உண்டு. ‘இந்த வருடம் இல்லை’ என்று எழுதுங்கள், அதுவும் ஒரு முடிவுதான். ஒரே சமயத்தில் கையில் இரண்டு வேலை போதும்: மெஷினில் ஒன்று, மடியில் ஒன்று. மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-ல் சார்ஜ் விளக்கு வெளிச்சத்தில் அதிகம் தைத்தேன் என்று எழுதியிருந்தீர்களே, அன்றைக்கு மடியில் வைக்கக் கைவேலை ஒன்று தயாராக இருந்ததுதான் காரணம்.

ஒரு விஷயத்தில் மட்டும் தயங்காதீர்கள். தையல் மட்டுமல்லாமல் முன்பு பிடித்தது எதுவுமே பிடிக்காமல் போயிருந்தால், தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், அம்மா நினைவு வரும்போது நாள் முழுக்க ஒன்றும் ஓடாமல் நின்றுவிட்டால், குயில்ட்டைத் தள்ளி வைத்துவிட்டு உங்கள் பகுதி கிளினிக்கிலோ ஆர்.கே.கான் மருத்துவமனையிலோ போய்ச் சொல்லுங்கள். சாடாக் என்ற தென்னாப்பிரிக்க மனநல அமைப்பு இலவசத் தொலைபேசி உதவியும் வைத்திருக்கிறது. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே போக வேண்டும், மறுநாளைக்குத் தள்ளக்கூடாது. அம்மாவின் பெட்டியைத் திறந்தால் அழுகை வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு வருடம் கழித்தும் அழுகை வருவது இயல்பு, அதற்காகப் பயப்பட வேண்டாம்.

புதுத் துணி வாங்கலாமா என்ற கேள்விக்குப் பதில்: வாங்கலாம், ஒன்றுக்கு மட்டும். உங்கள் இரண்டு மேல்துணிகளில் ஒன்று நீல ஷ்வேஷ்வேயும் (தென்னாப்பிரிக்க அச்சுப் பருத்தித் துணி) வெள்ளைத் துணியும் சேர்ந்தது, அதற்கு அடித்துணி இல்லை என்கிறீர்கள். அதற்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ஷ்வேஷ்வே பெரும்பாலும் 90 சென்டிமீட்டர் அகலம்தான் வரும், அதனால் இரண்டு மூன்று நீளம் சேர்க்க வேண்டியிருக்கும். கஞ்சி விறைப்போடு வரும் துணி அது, முதல் தண்ணீரில் கஞ்சி போய்ச் சுருங்கும். சாயமும் விடும். புதிதாக வாங்குவதைத் தனியாக நனைத்துக் காயவைத்த பிறகே சேருங்கள். மேல்துணியை நனைக்காமலே தைத்துவிட்டதாக எழுதியிருப்பதால், முடித்தபின் முதல் துவைப்பு நிறையக் குளிர்ந்த தண்ணீரில், சாயம் உறிஞ்சும் தாள் ஒன்றிரண்டு போட்டு, ஊறவிடாமல் உடனே அலசி எடுப்பதாக இருக்கட்டும். வெள்ளையில் லேசாக நீலம் ஏறியிருந்தால் காயவிடாமல் மறுபடியும் அதேபோல அலசுங்கள்.